நெறிமுறை யாருக்கு உரியது? – தனியுடைமை வி.பி.என். நெறிமுறைகளும் திறமூல இயங்குதளங்களின் அறக்கடமையும்

முன்னுரை

கணினித்துறையில் 'புரோட்டோகால்' என வழங்கும் சொல்லுக்குத் தமிழில் 'நெறிமுறை' என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. இரு கணினிகள் ஒன்றோடொன்று உரையாடும்பொழுது எது முதலிற் பேசுவது, விடை எவ்வடிவில் அமைவது, பிழை நேரின் என்செய்வது என்பனவற்றை வரையறுக்கும் விதித்தொகுப்பை அச்சொல் குறிக்கிறது. அறவியலில் ஒழுகலாற்று விதிகளைக் குறிக்கவும் இதே சொல்லை ஆள்கிறோம். கலைச்சொல்லாக்கத்தில் தற்செயலாக நேர்ந்த ஒற்றுமையே இது எனினும், சிந்தனைக்குரிய ஒரு வினாவை அது நம்முன் வைக்கிறது. நெறி என்பது வழி. வழி நடப்பார் அனைவருக்கும் உரியது. அங்ஙனமாயின், ஒரு நெறிமுறை ஒருவருக்கு மட்டும் உடைமையாதல் தகுமா? உடைமையாகிவிட்டது எனின், அவ்வழியே சென்றாக வேண்டியவருக்கு உதவ முன்வருவோரின் கடமை யாது?

இவ்வினாவை மெய்நிகர் தனியார் வலையமைப்பு (இனி, வி.பி.என்.) என்னும் தொழில்நுட்பத்தையும், லினக்ஸ் முதலிய திறமூல இயங்குதளங்கள் அதற்கு அளித்துவரும் ஆதரவையும் களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தொழில்நுட்பச் செய்திகள் அறவியல் வினாவை விளக்கத் தேவைப்படும் அளவிற்கே ஈண்டு எடுத்தாளப்படுகின்றன.

வினாவின் தோற்றம்

2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில், தமிழகத்திற்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பயின்ற தமிழ் ஆய்வாளர் ஒருவர் தம் ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. அவரிடம் இருந்தது பழைய மடிக்கணினி. புதிய விண்டோசைத் தாங்கும் ஆற்றல் அதற்கில்லாமையால் லினக்ஸ் நிறுவியிருந்தார். பல்கலைக்கழக நூலகம் சந்தா செலுத்திப் பெறும் மின்னிதழ்களோ வளாக வலையமைப்பிற்குள் இருந்தால் மட்டுமே திறக்கும். ஆய்வாளர்களின் நலன்கருதி நிருவாகம் வி.பி.என். இணைப்பு வழங்கியது. ஆனால் அதற்குரிய மென்பொருள் ஒரு வணிக நிறுவனத்தின் தனியுடைமை. லினக்சுக்குரிய வடிவம் எதனையும் நிருவாகம் வழங்கவில்லை. உதவி கேட்டு எழுதிய மடலுக்கு, விண்டோஸ் உள்ள கணினியைப் பயன்படுத்துக என்பதே விடையாக வந்தது.

பின்னர் நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்திய கட்டற்ற மென்பொருளின் துணையால், தமக்கு வழங்கப்பட்ட பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே அவர் உள்நுழைந்தார். ஆய்வு தடையின்றி நடந்தது. எனினும் சில நாள்கள் கழித்து இக்கட்டுரையாளரைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, அவர்கள் கொடுத்த மென்பொருள் இல்லாமல் வேறொன்றைக் கொண்டு நுழைவது முறைதானா?" என்று வினவினார். தமக்கு அனுமதி உள்ள வாயிலில் நுழைந்த ஒருவரின் உள்ளத்திலும் இவ்வையம் எழுந்தது என்பது கருதத்தக்கது. அன்று அவருக்குத் தெளிவான விடையளிக்க இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

வி.பி.என். என்னும் வாயில்

வி.பி.என். என்பது பொது இணையத்தின் ஊடே அமைக்கப்படும் ஒரு மறைவழி. வீட்டிலுள்ள கணினியும் நிறுவனத்தின் வாயிற்கணினியும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பின் தமக்குள் ஒரு மறைச்சாவியை ஏற்படுத்திக்கொண்டு, அதன்பின் பரிமாறும் செய்தி அனைத்தையும் அச்சாவியாற் பூட்டி அனுப்புகின்றன. வாயிலைக் கடந்த கணினி வளாகத்திற்குள் இருப்பதாகவே கொள்ளப்படும்.

இதற்கு இருமுனைகளும் ஒரே நெறிமுறையைப் பேசுதல் வேண்டும். வாயிலைத் தேர்ந்தெடுப்பது நிறுவனம். நெறிமுறையைத் தீர்மானிப்பது வாயிலை விற்றவர். நுழைய வேண்டியவருக்கு இவ்விரண்டிலும் பங்கில்லை. இச்சமனின்மையே சிக்கலின் வேர் எனலாம்.

உடைமையின் நான்கு வடிவங்கள்

'தனியுடைமை நெறிமுறை' என்னுந் தொடர் ஒரே பொருளைக் குறிப்பதன்று. நிரல்வரிகளின் மீதான பதிப்புரிமை, செயல்முறையின் மீதான காப்புரிமை, வெளியிடாது வைத்திருக்கும் வணிக மறைபொருள், பெயரின் மீதான வணிகக்குறி என உடைமை நான்கு வடிவங்களில் அமைகிறது. இவற்றைப் பிரித்தறியாமல் அறவியல் தீர்ப்பு வழங்குவது பொருந்தாது. பி.பி.டி.பி. என்னும் பழைய வி.பி.என். நெறிமுறையின் வரலாறு இந்நான்கையும் விளக்கவல்லது.

மைக்ரோசாஃப்டும் வேறு சில நிறுவனங்களும் உருவாக்கிய பி.பி.டி.பி.யின் விளக்க ஆவணம் 1999இல் ஆர்.எஃப்.சி. 2637 என்னும் எண்ணுடன் வெளியாயிற்று. அதனோடு பயன்படும் எம்.பி.பி.இ. என்னும் மறையாக்க முறை 2001இலும், எம்.பி.பி.சி. என்னும் தரவுச்சுருக்க முறை அதற்கு முன்னரே 1997இலும் ஆவணமாக வெளியிடப்பட்டன. ஆவணங்களைப் படிக்க எவருக்கும் தடையில்லை. ஆயினும் சுருக்க முறையின் மீது ஸ்டாக் நிறுவனமும், பின்னர் அதிலிருந்து பிரிந்த ஹைஃபன் நிறுவனமும் காப்புரிமை கொண்டிருந்தன. படிக்கலாம், செய்யலாகாது என்பதே நிலை.

மறையாக்க முறையின் அடிப்படையான ஆர்.சி.4, 1987இல் ரான் ரிவெஸ்ட் வடிவமைத்தது. அதனை ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் வணிக மறைபொருளாகக் காத்துவந்தது. 1994இல் பெயரறியாத ஒருவர் அதன் நிரலை இணையத்தில் வெளியிட்டதும் மறைபொருள் உலகறிந்ததாயிற்று. பெயர் மட்டும் வணிகக்குறியாக நின்றது. ஆதலின் கட்டற்ற மென்பொருள்கள் பலவும் அதே முறையைக் கையாண்டுகொண்டே 'ஏ.ஆர்.சி.4' எனப் பெயர் மாற்றி வழங்கின. லினக்சின் உட்கருவிலும் அப்பெயரே இடம்பெற்றது. பொருள் பொதுவாகிவிட்ட பின்னும் பெயர் பூட்டுண்டு கிடந்தது என்பது சொல்லையும் பொருளையும் ஆராயும் நமக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும்.

லினக்ஸ் உட்கருவின் உரிமமான ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு 1991இல் வெளியானது. அதன் ஏழாம் பிரிவு ஈண்டு நோக்கத்தக்கது. காப்புரிமை முதலிய காரணங்களால், உரிமம் கூறும் உரிமைகள் அனைத்தையும் பெறுபவருக்கு அளிக்க இயலாதெனின் அந்நிரலைப் பரப்பவே கூடாது என்கிறது அப்பிரிவு. பாதி உரிமையுடன் கொடுப்பதைவிடக் கொடாமையே மேல் என்பது அதன் உட்கிடை. இதனால் லினக்ஸ் உட்கரு மறையாக்கப் பகுதியை மட்டும் 2006 சனவரியில் வெளியான 2.6.15ஆம் பதிப்பில் ஏற்றது; சுருக்கப் பகுதியை ஏற்கவில்லை. அதற்கு முன்னர் இணைப்பு வேண்டியோர் ஒட்டுநிரலைத் தேடி எடுத்து, உட்கருவைத் தாமே மீளத் தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளமோ, சுருக்கப் பகுதிக்கான கோப்புகளைத் தான் வழங்காமல், உரிமம் பெற்றோர் சேர்த்துக்கொள்ளுமாறு இடம் மட்டும் ஒதுக்கி வைத்திருந்தது.

'உரிமை', 'உரிமம்' என்னும் இரண்டும் 'உரி' என்னும் ஒரே வேரிற் பிறந்தவை. தனியுடைமை மென்பொருளில் உரிமம் என்பது உரிமையை வரம்பிடும் ஆவணம். கட்டற்ற மென்பொருளில் அது உரிமையை வழங்கும் ஆவணம். ஆயினும் வழங்கும் உரிமமும் சிலபோது தடையாவதுண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் பழைய உரிமம் ஜி.பி.எல்.லோடு பொருந்தாமையால், ஓப்பன்விபிஎன் போன்ற கட்டற்ற வி.பி.என். மென்பொருள் தன் உரிமத்தில் தனி விலக்கு ஒன்றை எழுதிச் சேர்க்க நேர்ந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் தன் உரிமத்தை மாற்றிய 3.0ஆம் பதிப்பு 2021இல்தான் வெளியாயிற்று. எனவே பூட்டு ஒருபக்கத்தில் மட்டுமே உள்ளது எனக் கொள்வது நடுநிலை ஆகாது.

மூன்று விடைகள்: ஏற்றல், கற்றல், மறுத்தல்

மூடிய வாயிலின் முன்னர்த் திறமூலச் சமூகம் மூவகை விடைகளை அளித்துள்ளதை வரலாற்றின்வழி அறியலாகிறது.

முதலாவது ஏற்றல். நிறுவனம் தரும் மூடிய நிரலை அப்படியே தன் இயங்குதளத்திற் சேர்த்துக்கொள்வது இது. 2000களில் சிஸ்கோ நிறுவனம் லினக்சுக்கென வழங்கிய இணைப்பு மென்பொருள் உட்கருவிற்குள்ளேயே ஒரு கூற்றை நுழைத்தது. அதன் புறப்பகுதி மூல நிரலாகவும் மையப்பகுதி படிக்கவியலாத இருமக் கோப்பாகவும் அமைந்திருந்தன. உட்கரு என்பது கணினியின் அனைத்துச் செயல்களையும் ஆளும் இடம். அங்கே படிக்கவியலாத ஒன்றை அமர்த்துவது, வாசிக்காத பத்திரத்திற் கையொப்பமிடுவதை ஒக்கும். அன்றியும், உட்கரு மாறுந்தோறும் அக்கூறு பழுதுபடும். பழுது நீக்குதல் நிறுவனம் ஒன்றாலேயே கூடும். ஆதலின் இது நுழைய உதவுவதாகத் தோன்றினும், உண்மையில் பயனரின் சார்புநிலையை வாயிலிலிருந்து அவர்தம் வீட்டிற்குள்ளேயே கொணர்ந்து வைப்பதாகும்.

இரண்டாவது கற்றல். வாயில் பேசும் மொழியைக் கேட்டறிந்து, அம்மொழியைப் பேசும் நிரலைப் புதிதாக எழுதுவது இது. சிஸ்கோவின் பழைய வாயில்களுக்காக விபிஎன்சி என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வாறு எழுந்தது. அந்நிறுவனத்தின் எனிகனெக்ட் வாயில்களுக்காக, லினக்ஸ் உட்கரு நிரலாளருள் ஒருவரான டேவிட் உட்ஹவுஸ் ஓப்பன்கனெக்ட் என்னும் மென்பொருளைத் தொடங்கினார். நிறுவனத்தின் இணைப்பு மென்பொருள் லினக்சில் கொண்டிருந்த குறைகளே அம்முயற்சிக்குத் தூண்டுதலாயின. காலப்போக்கில் அது ஜூனிப்பர், குளோபல்புரொடெக்ட், ஃபோர்டிநெட் முதலியவற்றின் நெறிமுறைகளையும் கற்றுக்கொண்டது. அதே நெறிமுறையைப் பேசும் கட்டற்ற வாயில் மென்பொருளும் எழுதப்பட்டது. நெறிமுறைக்கு வெளிப்படையான விளக்க ஆவணமும் வரையப்பட்டது. ஒருவர் வீட்டு வாயிலுக்காகக் கற்ற மொழி, எவரும் தம் வீட்டில் பேசக்கூடிய பொதுமொழியாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது மறுத்தல். இதற்குச் சிறந்த சான்று வி.பி.என். துறையை ஒட்டிய பிறிதொரு நெறிமுறையிற் கிடைக்கிறது. ஒரு வாயிற்கணினி பழுதுற்றால் மற்றொன்று உடனே அதன் இடத்தை ஏற்பதற்கான வி.ஆர்.ஆர்.பி. என்னும் நெறிமுறையின் மீது சிஸ்கோ காப்புரிமை கோரியது. ஓப்பன்பிஎஸ்டி நிரலாளர்கள் அதனை ஏற்கவில்லை. கார்ப் என்னும் வேறொரு நெறிமுறையைத் தாமே வகுத்து 2004 மே மாதம் 3.5ஆம் பதிப்பில் வெளியிட்டனர். அதற்கென எண் ஒதுக்க உலக எண்வழங்கு அமைப்பு இசையாமையால், வி.ஆர்.ஆர்.பி.க்குரிய 112 என்னும் எண்ணையே எடுத்தாண்டனர். கொள்கை காக்கப்பட்டது, ஆனால் இரு நெறிமுறைகள் ஒரே எண்ணில் மோதும் இடர் பிறந்தது. மறுப்பிற்கும் விலையுண்டு, அவ்விலையை மறுத்தவர் மட்டுமன்றிப் பிறரும் செலுத்த நேரிடலாம் என்பது இதனாற் பெறப்படுகிறது.

மொழியும் பனுவலும்

இம்மூன்றனுள் எது அறத்தின்பாற்பட்டது எனத் துணிவதற்கு, மொழிக்கும் பனுவலுக்கும் உள்ள வேறுபாடு துணைசெய்யும். பனுவல் ஒருவர் உழைப்பின் விளைவு. அதன்மீது அவருக்கு உரிமை உண்டு. அதனைத் திருடிப் பதிப்பித்தல் குற்றம். மொழி அத்தகையதன்று. அதனைப் பேசுவோர் பலராதலாலேயே அது மொழியாகிறது. ஒருவரே பேசுவது மொழியாகாது. நெறிமுறையும் அவ்வாறே. இரு முனைகள் இன்றி நெறிமுறை இல்லை. மறுமுனையில் இருப்பவரையும் உள்ளடக்கியே அது பொருள் பெறுகிறது. எனவே நெறிமுறையை வகுத்தவர் அதனைப் பேசும் தம் நிரலுக்கு உரிமை கோரலாம். எதிரில் நின்று அதனைப் பேச விழைவாரின் வாயை அடைக்கும் உரிமை கோருதல் பொருந்தாது.

வயர்கார்டு என்னும் புதிய வி.பி.என். நெறிமுறை இவ்வேறுபாட்டை நன்கு புலப்படுத்தும். ஜேசன் டோனன்ஃபெல்டு வகுத்த அந்நெறிமுறை வெளிப்படையாக விளக்கப்பட்டது. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6ஆம் பதிப்பில் அதன் நிரல் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் இடம்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ஓப்பன்பிஎஸ்டி 6.8, தன் கொள்கைக்கு ஏற்ற வேறு உரிமத்தின்கீழ்த் தனியாக எழுதப்பட்ட நிரலைக் கொண்டிருந்தது. பனுவல்கள் இரண்டு, உரிமங்கள் இரண்டு, மொழி ஒன்று. இரண்டும் தடையின்றி உரையாடுகின்றன.

இந்தியச் சட்டமும் பெரும்பாலும் இவ்வேறுபாட்டை ஒட்டியே அமைந்துள்ளது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999இன் திருத்தம் சேர்த்த 52(1)(ஏபி) பிரிவின்படி, ஒரு நிரலை முறையாகக் கைக்கொண்டிருப்பவர், தனியாக எழுதப்பட்ட வேறொரு நிரல் பிறவற்றோடு இணைந்து இயங்குவதற்கு வேண்டிய செய்தியைப் பெறும்பொருட்டுச் செய்யும் செயல் பதிப்புரிமை மீறல் ஆகாது. அச்செய்தி வேறுவழியில் எளிதிற் கிட்டாததாக இருத்தல் வேண்டும். காப்புரிமைச் சட்டத்தில் 2002இன் திருத்தத்தால் சேர்ந்த 3(கே) பிரிவு, கணினி நிரல் தன்னளவிற் காப்புரிமைக்கு உரியதன்று என்கிறது. 2004ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் இவ்வரம்பைத் தளர்த்த முயன்றது; 2005இல் நாடாளுமன்றம் அம்மாற்றத்தைக் கைவிட்டது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடாது என்பது உண்மையே. எனினும் ஆய்வாளரின் ஐயத்தில் ஒரு பாதி சட்டம் பற்றியதாதலின் இதனைச் சுட்டுதல் தேவையாயிற்று.

எதிர்வாதங்கள்

கற்றல் என்னும் விடையின் மீது மூன்று தடைகள் எழுப்பப்படலாம்.

முதல் தடை கட்டற்ற மென்பொருள் அன்பர்களிடமிருந்தே வருவது. மூடிய வாயில்களுக்கெல்லாம் நாம் சாவி செய்து கொடுத்தால், வாயிலைத் திறந்துவைக்குமாறு நிறுவனத்தை வற்புறுத்துவார் இல்லாது போவர். நம் உதவியே மூடலை நிலைபெறச் செய்யும் என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இவ்வற்புறுத்தலின் சுமையைத் தாங்குபவர் யார் என்று காண வேண்டும். வாயிலை விற்றவர் அல்லர், வாங்கியவரும் அல்லர், பழைய மடிக்கணினியோடு வெளியே நிற்கும் மாணவரே. மனிதரை வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்பது 1785இல் காண்ட் வகுத்த அறக்கொள்கையின் சாரம். வருங்காலத் திறப்பிற்காக இன்றைய மாணவரை வெளியே நிறுத்துவது அவரைக் கருவியாக்குவதாகும். அவர் தாமே விரும்பி மறுத்தால் அது நோன்பு; பிறர் அவருக்காக மறுத்தால் அது தண்டனை. ஓப்பன்பிஎஸ்டி நிரலாளர்களின் மறுப்பு மதிக்கத்தக்கதாக நிற்பதற்குக் காரணம், அவர்கள் மறுத்ததோடு அமையாது மாற்றுவழி ஒன்றை அமைத்துக் கொடுத்தமையே.

இரண்டாம் தடை பாதுகாப்புப் பற்றியது. பழுதான வாயிலுக்கு உதவுவது பயனரை இடரில் ஆழ்த்தாதா? பி.பி.டி.பி.யின் மைக்ரோசாஃப்ட் வடிவிலிருந்த குறைகளை புரூஸ் ஷ்னையரும் மட்ஜ் என்பாரும் 1998லேயே ஆராய்ந்து வெளியிட்டனர். 2012இல் மாக்சி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்ட்டனும் அதன் அடையாளச் சரிபார்ப்பு முறையை முழுமையாக உடைக்கலாம் என நிறுவினர். 2016இல் ஆப்பிள் தன் இயங்குதளங்களிலிருந்து பி.பி.டி.பி. இணைப்பு வசதியை நீக்கியது. ஆகவே உதவியின் கூறாக உண்மையுரைத்தலும் அமைதல் வேண்டும். வழி இது, இவ்வழியிற் கள்வர் உளர் என்று இரண்டையும் கூறுபவரே வழித்துணைவர். நிரல் வெளிப்படையாக இருந்தால் இக்குறைகள் எவர் கண்ணிலும் படக்கூடும் என்பதும் கற்றலுக்குத் துணைநிற்கும் வாதமே.

மூன்றாம் தடை மிகக் கடியது. சில வாயில்கள், நுழைபவரின் கணினியில் ஒரு சோதனை நிரலை இறக்கி ஓட்டி, அக்கணினி பாதுகாப்பானதா என அறிந்த பின்னரே இடந்தருகின்றன. ஓப்பன்கனெக்ட் இதனை எதிர்கொள்ள இருவழிகளைத் தருகிறது. அந்நிரலைக் குறைந்த அதிகாரமுடைய வேறொரு பயனரின் பெயரில் ஒதுக்கி ஓட்டலாம் என்பது ஒன்று. அதனை ஓட்டாமலேயே, வாயில் எதிர்பார்க்கும் விடையை அனுப்பும் சிறுநிரல் ஒன்றைக் கொண்டு இடந்தரச் செய்யலாம் என்பது மற்றொன்று.

இங்கே கற்றல் பொய்யுரைத்தலாக மாறும் எல்லையை அணுகுகிறோம். படிக்கவியலாத நிரலைப் பிறர் கணினியில் ஓட்டக் கோருவது விருந்தினரின் பெட்டியைத் திறந்து பார்ப்பதைப் போன்ற மிகையே. ஆயினும் உள்ளே பலர் பணிபுரியும் வலையமைப்பைக் காக்க வேண்டிய கடமை நிறுவனத்திற்கு உண்டு. நோயுற்ற கணினி ஒன்று நுழைந்தால் கேடுறுவோர் ஏனைய மாணவர்கள். திருக்குறளின் வாய்மை அதிகாரம், சொல் நிகழ்ச்சியோடு ஒத்திருத்தலை மட்டும் நோக்காமல் பிறர்க்குத் தீங்கு விளையாமையைக் கொண்டே வாய்மையை வரையறுக்கத் தொடங்குகிறது. அவ்வளவைக் கொண்டு நோக்கின், ஒதுக்கி ஓட்டுதல் குற்றமன்று, அது தற்காப்பு. தம் கணினியின் உண்மை நிலையையே விடையாக அனுப்புதலும் குற்றமன்று. இல்லாத பாதுகாப்பை உள்ளதாகக் கூறும் விடையை அனுப்புதலோ பிறர்க்குத் தீங்கு பயக்கக்கூடியது. நோக்கம் தூயதாயினும் அதனை ஏற்பதற்கில்லை. அந்நிலையில் நிறுவனத்திடம் வெளிப்படையாக விலக்குக் கேட்பதே நெறி.

எழுத்துருக்கள் காட்டும் சான்று

இச்சிக்கல் தமிழாய்வாளருக்குப் புதிதன்று. 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர் ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தமக்கென ஒரு குறியாக்கத்தை வகுத்துக்கொண்டனர். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் உடன்பாடும் ஒரு நெறிமுறையே. அது தனியுடைமையாக இருந்தமையால், ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆய்வேடு அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகக் காட்சியளித்தது. எழுதியவரே தம் எழுத்தைப் படிக்க இயலாமற்போன நிலையை நம்முட் பலர் அறிவோம்.

அக்காலத்தில் தன்னார்வலர் பலர் குறியாக்க மாற்றிகளை எழுதி நமக்குத் தந்தனர். அவர்கள் எழுத்துருவைத் திருடவில்லை. அதன் குறியாக்கத்தைக் கற்று, அதிற் சிறைப்பட்ட நம் எழுத்தை மீட்டனர். அம்மாற்றியைப் பயன்படுத்துவது முறைதானா என நாம் எவரும் ஐயுற்றதில்லை. ஏனெனில் உள்ளே இருந்தது நம்முடைய எழுத்து என்பதில் நமக்கு ஐயமில்லை. ஓப்பன்கனெக்ட் செய்வதும் இதனை ஒத்த பணியே. மாணவருக்கு உரிமையுள்ள நூலகத்திற்கு அவரை அது கொண்டு சேர்க்கிறது.

எனினும் மாற்றிகள் சிக்கலை முடிக்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' குறியாக்கங்கள் வகுக்கப்பட்டன. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பொதுத்தரம் ஒன்றைத் தேர்வதென அரசும் நிறுவனங்களும் பதிப்பகங்களும் முடிவுசெய்த அளவிற்கே விடுதலை கிட்டியது. மாற்றிகள் இடைக்காலத் துணை; தேர்வே தீர்வு.

கடமை யாருடையது?

இவ்விடத்தில் ஆய்வாளரின் வினாவிற்குத் திரும்பலாம். அவர் எழுப்பிய ஐயம் நேர்மையானது. ஆனால் அது எழ வேண்டிய இடம் வேறு. அவருக்கு நூலகத்தில் நுழையும் உரிமை இருந்தது. அவர் தம் அடையாளத்தை மறைக்கவில்லை, பிறர் நிரலைக் களவாடவில்லை, எவருக்கும் தீங்கிழைக்கவில்லை. வாயில் அறிந்த மொழியில் தம் பெயரைச் சொல்லி நுழைந்தார். இதில் முறைகேடு யாதும் இல்லை. பொதுப்பணத்தில் இயங்கும் ஒரு நிறுவனம், தன் மாணவருள் ஒரு பகுதியினர் பேச இயலாத மொழியை மட்டும் அறிந்த வாயிலை வாங்கியது முறைதானா என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினா. வாயிலைத் தேர்ந்தவரிடம் கேட்க வேண்டியதை வாயிலில் நிற்பவர் தம்மிடமே கேட்டுக்கொண்டார். அறப்பொறுப்பு இவ்வாறு மேலிருந்து கீழே நழுவி, மிக எளியவரின் மனச்சான்றில் வந்து தங்குவதே இத்துறையின் பெருங்குறை எனலாம்.

இந்திய அரசு 2010இல் வெளியிட்ட திறந்த தரங்களுக்கான கொள்கை, மின்னாளுகைக்கு ஏற்கும் தரங்களைச் செயற்படுத்தத் தேவையான காப்புரிமைகள் கட்டணமின்றிக் கிடைத்தல் வேண்டும் என வலியுறுத்துகிறது. 2015இல் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையும் வெளியாயிற்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007 முதல் வழங்கப்பட்டது. இக்கொள்கைகள் அரசின் மின்னாளுகையை நோக்கி எழுதப்பட்டவை. ஆயினும் பொதுப்பணத்தில் அமையும் வழி பொதுவாக இருத்தல் வேண்டும் என்னும் அவற்றின் உள்ளுறை கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒரு கையால் கட்டற்ற இயங்குதளத்தைப் பரிந்துரைத்து, மறுகையால் அதனோடு பேசாத வாயிலை வாங்குவது முரண். வாங்குவதற்கு முன் ஒப்பந்தப்புள்ளியிலேயே, வெளிப்படையான நெறிமுறை ஒன்றை இவ்வாயில் ஏற்கிறதா என்னும் ஒரு வினாவைச் சேர்த்தால், பின்னர்ப் பல மாணவர்களின் ஐயம் நீங்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. நெறிமுறை மொழியை ஒத்தது. நிரல் பனுவலை ஒத்தது. பனுவலுக்கு உடைமையாளர் உண்டு. மொழியைப் பேசுவாரைத் தடுக்கும் உரிமை எவருக்கும் அறத்தால் இல்லை.

2. மூடிய நிரலை உட்கருவில் ஏற்பது உதவியாகத் தோன்றினும் சார்புநிலையையே வளர்க்கும். மாற்றுவழி அமைக்காத மறுப்பு, கொள்கையின் விலையை எளியவர்மீது சுமத்தும். கற்றலே ஏற்புடைய இடைக்கால நெறி.

3. கற்றலுக்கும் எல்லை உண்டு. வழியின் இடரை மறையாது கூறுதலும், பிறர்க்குத் தீங்கு பயக்கும் பொய்விடையை அனுப்பாமையும் அவ்வெல்லைகள்.

4. முதற்பொறுப்பு நிரலாளருக்கோ மாணவருக்கோ உரியதன்று. வாயிலைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்திற்கு உரியது.

அவ்வாய்வாளர் இன்று முனைவர் பட்டம் பெற்றுவிட்டார். அன்று அவருக்கு அளிக்க இயலாத விடை இதுவே: அவர் செய்தது முறையே. அவ்வாறு செய்ய வேண்டிய நிலைக்கு அவரை ஆளாக்கியதே முறையன்று. நம் துறைகளுக்கும் நூலகங்களுக்கும் மென்பொருள் வாங்கும் குழுக்களில் தமிழாய்வாளரும் அமர்கின்றனர். எழுத்துருச் சிறையை அறிந்த நாம் அக்குழுக்களில் வாளாவிருத்தல் தகாது.